முற்றத்தில் ஒரு பைன் மரம்

ஒரு மரத்தை நடுமுன் செய்ய வேண்டிய முதற் காரியம் அதன் பெயரைச் சரியாக அறிந்துகொள்வதாகும். மனிதரின் பெயரைப் பிழையாகச் சொன்னால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார், அத்தோடு சரி. மரத்தின் பெயர் பிழைத்தாலோ, ஆசையோடு நட்ட கன்று முதற் கோடையிலேயே பட்டுப்போகும். அல்லது 30 ஆண்டுகளின் பின்னர் கூரைக்கு மேலே 60 அடி உயரத்தில் அந்தப் பிழை நின்று ஆடும். இவ்வாறு நம்மவரை மயக்கும் பெயர்களுள் ‘பைன்’ என்பதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

ஆங்கிலேயர் கடல் கடந்து சென்ற இடங்களிலே கண்ட புது மரங்களுக்கெல்லாம் தம் நாட்டு மரத்தின் பெயரையே சூட்டி ஆறுதலடைந்தனர் போலும். நம் நீர்க்கரைகளிலே மடல் விரிக்கும் தாழை அவர்களுக்கு ‘ஸ்குரூ பைன்’ ஆயிற்று. அன்னாசியின் செதில் மேனி பைன் மரத்துக் காயை நினைவூட்டியதால் அப்பழம் ‘பைன் அப்பிள்’ ஆயிற்று. காற்றிலே சீழ்க்கை ஒலி எழுப்பும் சவுக்கு ‘விசிலிங் பைன்’ எனப்பட்டது. தென் பசிபிக் தீவுகளில் நெடிது நின்ற அரோக்கேரியா மரங்கள் ‘நோர்போக் தீவுப் பைன்’ என்றும் ‘குக் பைன்’ என்றும் வழங்கலாயின. இவற்றுள் ஒன்றேனும் உண்மையான பைன் அன்று. ஆயினும், மரக்கன்று விற்பவரிடம் சென்று “பைன் கன்று உண்டா?” என்று கேட்டால், இவற்றுள் எது நம் கைக்கு வருமென்று சொல்ல முடியாது.

நான் அவ்வாறு கேட்டுக்கொண்டு சென்றதற்குக் காரணம் என் தங்கை. அவள் ரொறன்ரோ நகரிலே குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. திருகோணமலையில், உப்புவெளிப் பக்கமாக, கடலிலிருந்து முக்கால் மைல் தள்ளி எமது தாய்வீடு இருந்தது. போர்க்காலத்தில் அது கூரையிழந்து பாழாயிற்று. நான் உவர்மலையிலே குடும்பத்தோடு தங்கிவிட்டேன். தங்கை அனுப்பிய பணத்தைக் கொண்டு சென்ற ஆண்டு அந்த வீட்டைத் திரும்பக் கட்டி எழுப்பினோம். சுவர் எழும்பிச் சாந்து பூசும் வேளையில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “அண்ணா, வாசற்படலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பைன் மரம் வைக்க வேண்டும்” என்பதே அது.

படலைக்கு வடபுறத்தில் வெற்றிடம் இருந்தது. தென்புறத்திலோ அம்மா வைத்த வேம்பு நிற்கின்றது. இரண்டு பக்கமும் ஒத்தாற்போல் பைன் நிற்க வேண்டுமானால் வேம்பு போக வேண்டும். வேலைக்கு வந்த மேசனும் அதற்கு ஒத்துப் பேசினார். “வேப்பஞ் சருகு பீலியை அடைக்கும் மாஸ்டர், இப்பொழுதே தறித்துவிட்டால் செலவு குறையும்” என்றார். நான் ‘பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு தொலைபேசியிற் பேசினேன்.

அலங்காரத்துக்காகக் கேட்கிறாள் என்றே எண்ணியிருந்தேன். அவள் சொன்ன காரணம் வேறு. “நான் இங்கு வந்த முதல் ஆண்டு, ஐந்து மாதம் ஒரு மரத்திலும் இலை இல்லை. நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் கீழே ஒரேயொரு பைன் மரந்தான் பச்சையாய் நின்றது. எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொள்வேன். அம்மா மோசம்போன செய்தி வந்த அன்றைக்கும், பாதை பூட்டியிருக்கிறது, வர முடியாது என்று நீங்கள் சொன்ன பிறகு, யன்னலடியில் நின்று அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வேம்பைப் பற்றியும் அன்று பேச மனம் வரவில்லை. தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவள் கேட்ட மரம் எது, அது நம் மண்ணில் வாழுமா என்று முதலில் ஆராய்வோம் என்று துணிந்தேன்.

உண்மையான பைன் எதுவென்று முதலிற் சொல்லிவிடலாம். ‘பைனஸ்’ என்னும் பேரினத்தில் 100க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றின் இலைகள் ஊசிகளாக, இரண்டோ மூன்றோ ஐந்தோ ஒரு கட்டாகச் சேர்ந்திருக்கும். இம்மரங்கள் வடகோளத்துக்கே உரியவை. சுமாத்திராவில் வளரும் ஓர் இனம் மட்டும் இயற்கையாகவே பூமத்திய கோட்டைச் சற்றுத் தாண்டியுள்ளது. இமயமலைச் சாரலில் வளரும் சரளமும் பைன் வகையே. இலங்கையிலோ பைன் மட்டுமன்று, கூம்பு காய்க்கும் ஊசியிலை மரம் எதுவுமே இயற்கையாக வளர்வதில்லை. கொடைக்கானலிலும் நமது மலைநாட்டிலும் இன்று காணப்படும் பைன் காடுகளெல்லாம் மனிதர் நட்டவை.

என் தங்கை பார்த்த மரம் வெண்பைனாக இருக்கலாம். ஒரு கட்டுக்கு ஐந்து ஊசிகள் கொண்ட அம்மரத்தை ஒன்ராறியோ மாகாணம் 1984இல் தன் அடையாள மரமாக ஏற்றுக்கொண்டது. அதன் வித்து முளைப்பதற்கே குளிர்காலம் ஒன்று கழிய வேண்டும். மரமும் ஆண்டுதோறும் குளிரில் உறங்கி எழும் இயல்புடையது. உறக்கமே கொள்ள விடாத நமது வெயிலில் அது வாழாது.

வெப்பநாட்டுப் பைன் ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் உரிய அந்த இனத்தையே கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் வனத்துறையினர் மலைநாட்டின் தேய்ந்த நிலங்களிலும் புல்வெளிகளிலும் பெருவாரியாக நட்டனர். மண்ணரிப்பைத் தடுக்கலாம், மரமும் பிசினும் பெறலாம் என்பது நோக்கம். கீழே குவியும் ஊசிச் சருகு எளிதில் தீப்பற்றும் என்பதும், பைன் தோப்பினுள் பிற உயிர்கள் அரிதென்பதும் பின்னர் குறையாகச் சொல்லப்பட்டன. 1991 முதல் சிங்கராஜ வனத்தின் ஓரத்தில், பைன் மரங்களின் நிழலிலேயே உள்நாட்டுக் காட்டு மரங்களை நட்டு வளர்க்கும் ஆய்வு நடைபெற்றது. வந்த மரம் இருந்த மரத்துக்குத் தாதியாயிற்று. நல்ல முடிவுதான்.

பைன் மரத்திடம் மாணவர் அறிய வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. அதன் வேரோடு ஒருவகைப் பூஞ்சணம் கூடி வாழ்கின்றது. அப்பூஞ்சணம் மண்ணிலிருந்து உணவுச் சத்தைத் திரட்டி வேருக்குக் கொடுக்க, மரம் தன் சருக்கரையில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கின்றது. போட்டோரிக்கோத் தீவில் கொண்டுபோய் நட்ட பைன் கன்றுகள் நெடுங்காலம் மஞ்சளித்துக் குறுகியே நின்றன. 1950களில், பைன் வளர்ந்த இடத்து மண்ணை எடுத்துவந்து கலந்த பின்னரே அவை செழித்தன. மரத்தைக் கொண்டுபோனவர்கள் அதன் தோழனைக் கொண்டுபோக மறந்தனர். ஆகவே, உப்புக் காற்றும் மணலும் சேர்ந்த எமது வளவிலே உண்மையான பைனை வளர்ப்பது வீண் முயற்சியென்று அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

அடுத்தது சவுக்கு. துறைமுகப் பகுதியிலும் நிலாவெளிக் கரையிலும் ‘பைன்’ என்று யாரேனும் விரல் நீட்டினால், பெரும்பாலும் அது சவுக்காகவே இருக்கும். யாழ்ப்பாணத்துக் காரைநகரில் ‘கசூரினா’ என்று ஒரு கடற்கரைக்கே அதன் பெயர் வாய்த்திருக்கின்றது. அதன் தொங்கும் சிறு கிளைகள் கசுவாரி என்னும் பெரும் பறவையின் இறகைப் போன்றிருப்பதால் அப்பெயர் வந்ததென்பர். நாம் ஊசியிலை என்று எண்ணுவது இலையே அன்று. ஒரு ‘ஊசி’யைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள், கணுக் கணுவாகக் கழன்றுவரும். அது பச்சைநிறக் கிளை. கணுக்களைச் சுற்றிப் பல்லுப்போல் அமைந்த நுண்ணிய செதில்களே இலைகள். சவுக்கு பூக்கும் மரம். அதன் ‘கூம்பு’ உண்மையிலே காய்த்தொகுதி. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால், வெறும் மணலிலும் அது விரைந்து வளர்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழ்நாட்டுக் கரையோரத்தில் புகைவண்டிக்கு விறகாகும் பொருட்டுச் சவுக்குத் தோப்புகள் பெருகின. பந்தற்கால், சாரமரம், அடுப்பு விறகு என்று பின்னர் அது வீட்டு மரமாகவே ஆகிவிட்டது. நத்தார் காலத்தில் நம் கத்தோலிக்க அன்பர்கள் வீட்டில் நட்சத்திரமும் பஞ்சும் சூட்டிக்கொள்வது பெரும்பாலும் சவுக்கங் கிளையே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின், கடலூர் மாவட்டத்துக் கரையை ஆராய்ந்த அறிஞர்கள், கண்டற் காடும் சவுக்குத் தோப்பும் அலைக்கு முன்னே நின்ற இடங்களில் சேதம் குறைந்திருந்ததை 2005இல் எடுத்துக்காட்டினர். நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் அந்த நாளைக் கண்டவர்களுக்கு இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும், சவுக்கு வீட்டு முற்றத்துக்கு ஏற்றதன்று என்பது என் முடிவு. அதன் சருகு பாய்விரித்தாற்போல் மூடிக்கொள்ள, கீழே ஒரு பூஞ்செடியும் தலையெடுக்காது. ஆயுளும் குறைவு, ஐம்பது ஆண்டைக் கடப்பது அரிது. முதிர்ந்த மரம் புயலிலே வேரோடு சாயும். ஆமைகள் முட்டையிடும் மணற்கரையில் அதை நெருக்கி நடுவதும் நன்றன்று. கடலோரத்தில் பெரிய வளவு உடையவர்கள் காற்றுக்கு வேலியாக ஒரு வரிசை வைக்கலாம். அல்லது இளமையிலேயே கத்தரித்துக் கத்தரித்துப் பசுமதிலாக வளர்க்கலாம். இரண்டுக்கும் அது இணங்கிவரும்.

மிஞ்சியது அரோக்கேரியா. சித்திரத்தில் வரைந்த கோபுரம் போல, தட்டுத் தட்டாய்க் கிளை விரித்துச் சாடிகளில் நிற்கும் அழகிய கன்று அதுதான். இது கூம்பு காய்க்கும் மரமே. பைனுக்குத் தூரத்து உறவு. டைனோசர்கள் உலாவிய காலத்திலேயே இக்குடும்பம் உலகில் பரந்திருந்தது. இதன் கதை நம்மைப் போன்ற துறைமுகவாசிகளுக்குச் சுவை தரும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பாய்க்கப்பற் காலத்தில் பைன் என்றால் பாய்மரம் என்றே பொருள். நேராகவும் நெடிதாகவும் வளரும் பைன் இல்லையேல் கடற்படை இல்லை. 1782 செப்டெம்பர் 3ஆம் நாள் நமது துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனுக்கும் ஆங்கிலத் தளபதி ஹியூசுக்கும் கடும் போர் நடந்தது. அதில் சுப்ரேனின் கொடிக்கப்பலே தன் நடுப்பாய்மரத்தை இழந்தது. குண்டுபட்ட கப்பலுக்கு வேறு பாய்மரம் எங்கே தேடுவது? சோழமண்டலக் கரையிலோ வாடைக்காலத்தில் ஒதுங்கி நின்று கப்பலைப் பழுதுபார்க்க ஒரு நல்ல துறை இல்லை. திருகோணமலைக்காக ஐரோப்பிய வல்லரசுகள் அடிபட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1774இல், கப்டன் ஜேம்ஸ் குக் பசிபிக் கடலிலே நியூ கலிடோனியாவின் கரையோரமாகச் சென்றபோது, தூரத்தே நெடிய கம்பங்கள் கூட்டமாகத் தெரிந்தன. அவை மரங்களா, கற்றூண்களா என்று கப்பலில் இருந்தவர்களிடையே வாதம் எழுந்தது. அருகிற் சென்று மரங்களே என்று கண்டனர். அவை நின்ற தீவு ஒன்றுக்குப் ‘பைன் தீவு’ என்று குக் பெயரிட்டார். அடுத்த மாதமே நோர்போக் தீவிலும் இதே குடும்பத்து நெடுமரங்களைக் கண்டு, பாய்மரத்துக்கு உதவுமென்று குறித்துவைத்தார். 1788இல் ஆங்கிலேயர் அத்தீவில் குடியேறியதற்கு அந்தக் குறிப்பும் ஒரு காரணமாயிற்று. வெட்டிப் பார்த்தபோதோ பெரிய பாய்மரத்துக்கு வேண்டிய உறுதி அதில் இல்லை! கப்பலுக்கு உதவாத அந்த மரம் உலகமெங்கும் தோட்டத்து அழகு மரமாயிற்று. பேராதனைப் பூந்தோட்டத்திற் குக் பைன்கள் இரு மருங்கும் நிற்கும் பாதையைப் பார்த்தவர்கள் அந்த நடையை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இனி, எமக்கு வேண்டிய விவரம். அரோக்கேரியா வகைகளுள் மூன்று நம் நாட்டுத் தோட்டங்களுக்குப் பழக்கமானவை. நோர்போக் தீவு வகை இளமையில் அகன்ற கோபுர வடிவாய் நிற்கும். மிதமான காற்றும் குளிர்ச்சியும் அதற்கு விருப்பம். குக் வகை ஒடுங்கித் தூண்போல் உயரும். பட்டை காகிதச் சுருள்போல் உரியும். வெப்பத்தை நன்கு தாங்கும். வெப்பநாடுகளில் நோர்போக் என்று சொல்லி விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் குக் வகையே. மூன்றாவது, அவுஸ்திரேலியாவின் பன்யா வகை. அதன் காய் ஒன்று 10 கிலோகிராம் வரை எடையுள்ளதாகி உச்சியிலிருந்து விழும். பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அதை வைப்பது புத்தியன்று.

குக் வகையைப் பற்றி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து பார்த்தார்கள். அவை சராசரியாக எட்டரைப் பாகை அளவு சரிந்து நின்றன. சரிந்த திசைதான் விந்தை. வடகோளத்தில் நிற்பவை தெற்கு நோக்கியும் தென்கோளத்தில் நிற்பவை வடக்கு நோக்கியும் சரிந்தன. அதாவது, எங்கே கொண்டுபோய் நட்டாலும் அவை பூமத்திய கோட்டை நோக்கியே சாய்கின்றன. பூமத்திய கோட்டுக்குத் தூரமாகத் தூரமாகச் சாய்வும் கூடுகின்றது. திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால் இங்கே சாய்வு சிறிதாகவே இருக்க வேண்டும். மாணவர் எவரேனும் தம் பள்ளி வளவில் இம்மரம் நின்றால், மேசன் வைத்திருக்கும் தூக்குக்குண்டை இரவல் வாங்கி அளந்து பார்க்கலாம்.

இம்மரத்தின் தலையை ஒருபோதும் வெட்டக்கூடாது. மாவும் வேம்பும் தலை வெட்டினால் பக்கக்கிளை ஒன்றைத் தலைவனாக்கிக்கொண்டு எழும். அரோக்கேரியாவின் பக்கக்கிளையோ தலைமை ஏற்பதில்லை. அதனை வெட்டி நட்டு வேர்விடச் செய்தாலும் படுக்கையாகவே வளருமேயன்றி நிமிராது. ஆகையால் உச்சி முறிந்த கன்றை விலை குறைவென்று வாங்காதீர்கள். உப்புக் காற்றை இது தாங்கும். ஆனால் சிட்னியின் மான்லிக் கடற்கரையில் நின்ற நோர்போக் மரங்கள் 1960களில் நோயுற்று மடியத் தொடங்கின. கழிவுநீரோடு கடலிற் கலந்த சலவைத்தூளின் சேர்மானம், அலைத்துவலையோடு வந்து இலையின் மெழுகுப் படையைக் கெடுக்க, உப்பு உட்புகுந்ததே காரணமென்று கண்டார்கள். வீடுதோறும் நாம் ஓடையில் விடும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகின்றது என்பதை நம் போன்ற துறைமுக ஊரார் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் இடமில்லாத சிறு முற்றத்தார்க்குத் துஜா என்னும் சிறுமரம் உண்டு. சீனத்துக்குரிய இது விசிறிபோல் தட்டையான இலைக்கொத்துகளை நெருக்கமாகக் கொண்டு, மெழுகுதிரிச் சுடர் வடிவில் மெல்ல வளரும். சாடியிலும் பல ஆண்டுகள் வாழும். வெயில் வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது.

இவ்வளவும் அறிந்துகொண்டபின் நான் மரக்கன்று விற்பவரிடம் சென்றேன். “எல்லாம் பைன்தான் மாஸ்டர்” என்று அவர் சிரித்தார். பட்டையையும் கிளையமைப்பையும் பார்த்து, உச்சி பழுதில்லாத குக் வகைக் கன்று ஒன்றையும் துஜா இரண்டையும் தெரிந்தெடுத்தேன். கன்றுகளைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அந்தப் படத்தின் மூலையில், வளவின் படலையும் அதன் அருகே வேம்பும் தெரிந்தன.

அன்று இரவே அழைப்பு வந்தது. “அது எந்த மரம் அண்ணா, படலையடியில்?” என்றாள். “அம்மாவின் வேம்பு” என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. 2003இல், போர் ஓய்ந்திருந்த வேளையில் ஒருமுறை வந்தபோது அவள் கண்டது நெருப்பில் கரிந்து நின்ற ஒரு முண்டம் மாத்திரமே. அதைப் பட்ட மரமென்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அடிமரத்திலிருந்து துளிர் வெடித்து, அது மீண்டும் இருபதடிக்கு மேல் நிமிர்ந்து, 2020 டிசம்பர் 2ஆம் நாள் நமக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயலையும் தாங்கி நிற்பது அவளுக்குத் தெரியாது. “அங்கே ஒன்றும் இல்லை என்றுதானே நான் பைன் கேட்டேன்” என்றாள். பிறகு, “வேம்பில் கை வைக்க வேண்டாம் என்று மேசனிடம் சொல்லுங்கோ” என்றாள். பீலிக்குக் கம்பிவலை போடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்றும் கேட்டாள்.

ஆகவே, வேம்பு நின்ற இடத்தில் நிற்கின்றது. துஜா இரண்டும் விறாந்தைப் படிக்கு இரு பக்கமும் சாடிகளில் இருக்கின்றன. குக் பைனை, வீட்டிலிருந்து 35 அடி தள்ளி, மின்கம்பி செல்லாத வடகிழக்கு மூலையில் நட்டேன். படலையைத் திறந்ததும் அது கண்ணிற் படும். சொந்த நாட்டில் 60 மீற்றர் வரை உயரும் மரத்துக்கு அத்தனை இடம் கொடுத்தே ஆக வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் முதலில் எமது கரையைத்தான் தாக்கியது என்பதை மறந்து, சுவரோடு ஒட்டி நெடுமரம் வைப்பது தகாது.

படலையின் வடபுறத்து வெற்றிடத்தில் நான் வைத்தது வேறொரு மரம். சமண்டலை என்றும் சவண்டலை என்றும் நம்மவரும், ஹல்மில்ல என்று சிங்கள மக்களும் வழங்கும் அம்மரத்துக்கு ஆங்கில மரவணிகர் இட்ட பெயர் ‘திருகோணமலை மரம்’ என்பதாகும். உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே அமைந்த அதன் பலகை இங்கிருந்து கப்பலேறி, சென்னைக் கரையில் அலையை ஊடறுத்துச் செல்லும் மசுலாப் படகுகளுக்குப் பயன்பட்டது. பாய்மரத்துக்குப் பைனைத் தேடி ஒரு கூட்டத்தார் உலகைச் சுற்றியபோது, படகுக்கு எம் ஊரின் பெயரைச் சொல்லியே மரம் கேட்டவர்களும் இருந்தனர். வெளியூரிலிருந்து ஒன்றை வரவேற்கும்போது உள்ளூரில் ஒன்றுக்கும் இடம் கொடுப்பது முறையென்று எனக்குப் பட்டது. தங்கைக்கும் அது சம்மதம்.

கன்று வைக்க எண்ணும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். எமது மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 1600 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையே வாடையோடு வருகின்றது. ஆகையால் ஒக்டோபர் தொடக்கத்தில் நடுவதே உத்தமம். இரண்டரை அடிச் சதுரக் குழி வெட்டி, மணலோடு மக்கிய சாணமும் இலைக்குப்பையும் கலந்து, சுற்று நிலத்தைவிடச் சற்று மேடாக நடுங்கள். மழை வெள்ளம் அடியில் தேங்கலாகாது. வைகாசி தொடக்கம் கச்சான் காற்று வறட்டி அடிக்கும். அப்பொழுது அடியில் தென்னம் பொச்சுமட்டையைக் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கோடைக்கேனும் தவறாது தண்ணீர் ஊற்றுங்கள். இளங்கன்றுக்கு ஒரு தடி நட்டுத் தளரக் கட்டுங்கள். யாவற்றுக்கும் மேலாக, கன்றைச் சுற்றி மார்பளவு வேலி போடுங்கள். கோட்டைக்குள்ளும் நகர்த் தெருக்களிலும் உலாவும் புள்ளிமான்கள் திருகோணமலைக்கு அழகு. இளங்கன்றுக்கு அவை யமன்.

எங்கள் குக் பைன் இப்பொழுது நான்கடி உயரம். ஒரு வாடையைக் கண்டுவிட்டது. கச்சான் இனித்தான் வரவேண்டும். அது தென்திசை நோக்கிச் சாயுமா, எவ்வளவு சாயும் என்று அளக்க இன்னும் பல ஆண்டுகள் செல்லும். என் வயதில் அந்தக் கணக்கை நான் முடிப்பேன் என்று சொல்வதற்கில்லை. தங்கையின் பேரன் வரும் ஆடியில் விடுமுறைக்கு வருகின்றான். அவனுக்கென்று ஒரு தூக்குக்குண்டும் ஒரு கொப்பியும் வாங்கி வைத்திருக்கிறேன்.